ஐந்நூறு சன்னங்களும் ஒரு தராசும்

அந்த மனிதர் தராசைக் கொண்டுவந்து போட்ட வேகத்தில் என் மேசையிலிருந்த பேனை உருண்டு தரையில் விழுந்தது. நான் குனிந்து அதை எடுக்கும்வரை அவர் பொறுக்கவில்லை. "இந்த மெஷினுக்கு எண்ணத் தெரியாது. இதை எனக்கு வித்த ஆளுக்கும் எண்ணத் தெரியாது. யார் அது, நீங்களா?" என்று என் தலைக்கு மேலே நின்று கேட்டார்.

அவர் பேசியது ஆங்கிலம். தமிழில் எழுதும்போது அதன் காரம் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

அறுபதை நெருங்கும் வெள்ளைக்காரர். கிழக்கு லண்டனில், டாகன்ஹாமில் சிறிய கடை ஒன்று வைத்திருந்தார். இந்த நாட்டில் உரிமம் எடுத்துக்கொண்டு மைதானங்களில் குறிபார்த்துச் சுடுவதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்களில் பலர் தோட்டாவைத் தயாராக வாங்குவதில்லை. சுட்டு முடிந்த தோட்டாவின் வெற்று உறையான பித்தளைக் கோதுகளைப் பொறுக்கிச் சேர்த்து, சன்னம் என்னும் ஈயக்குண்டையும் வெடிமருந்தையும் தனித்தனியே வாங்கி, வீட்டிலேயே மறுபடியும் தோட்டா கட்டிக்கொள்வார்கள். இவர் மொத்தமாக வரும் சன்னங்களையும் கோதுகளையும் நூறு, ஐந்நூறு என்று பைகளில் போட்டு அவர்களுக்கு விற்பவர். கையால் எண்ணி அலுத்துப்போய்த்தான் எங்களிடம் ஓர் எண்ணும் தராசு வாங்கியிருந்தார்.

எண்ணும் தராசு என்பது பெரிய மாயமில்லை. பத்துப் பொருளை வைத்து "இது பத்து" என்று அதற்குச் சொல்ல வேண்டும். அது ஒன்றின் நிறையைக் கணக்கிட்டு வைத்துக்கொள்ளும். பிறகு எத்தனை கொட்டினாலும் அந்த நிறையால் வகுத்து எண்ணிக்கையைத் திரையில் காட்டும். ஆணி, பொத்தான், மாத்திரை எல்லாவற்றையும் அப்படித்தான் எண்ணுவார்கள்.

நான் அப்போது பார்க்கிங் என்ற ஊரின் ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருந்த ஒரு தராசு நிறுவனத்தில் விற்பனை உதவியாளர். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணத்தில் பௌதிக ஆய்வுகூடத்தில் மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு எடுத்தவள் நான். நான்கு தசம தானத்துக்கு நிறுக்கும் தராசுகளைத் தூசி படாமல் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பராமரித்தவள். லண்டனில் போன் எடுத்தேன், ஓர்டர் எழுதினேன், வாடிக்கையாளர் வந்தால் தேநீர் போட்டேன்.

மனேஜர் மலேசியத் தமிழர். மாணவராக வந்து பொறியியல் படித்து இங்கேயே தங்கியவர். குட்மேய்ஸில் சொந்த வீடு. வெள்ளைக்காரர் முன்னால் என்னுடன் ஆங்கிலத்தில் பேசுவார். கோபம் வந்தால் தமிழுக்கு மாறுவார்.

சத்தம் கேட்டு அவர் தன் அறையிலிருந்து வெளியே வந்தார். டாகன்ஹாம்காரர் விஷயத்தைச் சொன்னார். ஐந்நூறு என்று ஒட்டி விற்ற பைகளில் ஒன்றில் நானூற்றுத் தொண்ணூற்று நாலு இருந்ததாம். இன்னொன்றில் ஐந்நூற்று ஆறு. குறைவாகக் கிடைத்தவன் வந்து கடையில் நின்று கள்ளன் என்று கத்திவிட்டுப் போயிருக்கிறான். கூடக் கிடைத்தவன் வரவேயில்லை.

மனேஜர் பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டார். கேட்டு முடித்ததும் என் பக்கம் கையைக் காட்டினார். "என்னுடைய உதவியாளர்தான் அந்த ஓர்டரை எழுதினார். அவர் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறார்" என்றார்.

இரண்டு மாதத்துக்கு முன் அந்த ஓர்டரை நான்தான் எழுதினேன், உண்மை. மூன்று கிலோ தராசு என்று எழுதினேன். மனேஜர் அதைத் தன் பச்சைப் பேனையால் வெட்டிவிட்டு முப்பது கிலோ என்று திருத்தினார். பெரிய தராசு விலை கூடியது. கிடங்கில் நான்கு விற்காமல் கிடந்தன. சின்னப் பொருளுக்கு அது சரிவராது என்று நான் சொன்னபோது, "பெருசுல சின்னது அடங்கும்மா" என்று சிரித்தார். நான் மேற்கொண்டு பேசவில்லை. இப்போதும் அந்த வாடிக்கையாளர் முன் பேசவில்லை. அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பழகுறதுக்கு என் கடைதான் கிடைச்சுதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவர் போனதும் மனேஜர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். நடந்ததற்கு வருத்தம் தெரிவித்து ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன்.

"நாளைக்குக் காலைல நேரா அவரு கடைக்குப் போங்க. எல்லா சைஸ்லயும் சாம்பிள் எடுத்துக்கிட்டு இங்க வாங்க. டெஸ்ட் பண்ணி சரியான மெஷினா பாத்து வைங்க."

"சாம்பிள் எண்டா, சன்னமோ சேர்?"

"என்னது?"

"புல்லட்."

"ஆமா, புல்லட்தான். பின்ன புளியங்கொட்டையா?"

"அதைக் கொண்டு ரயிலில வர என்னால ஏலாது."

"அதுக்கு லைசென்ஸே வேணாம்மா. மருந்து கிடையாது, ஒண்ணும் கிடையாது. வெறும் ஈயமும் செம்பும். சட்டப்படி தப்பே இல்லை."

"சட்டம் எனக்கும் தெரியும். பிளாட்போமில வைச்சு மறிச்சா, சட்டம் கதைக்க என்னை விடுவாங்களோ?"

ரயில்களில் குண்டுகள் வெடித்த கோடை முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தன. நிலையங்களில் பொலிஸ் நின்றது, நாய்கள் நின்றன. டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் முதுகுப்பையோடு ஏறினால் எதிரில் இருப்பவரின் பார்வை முதலில் பைக்கும் பிறகு முகத்துக்கும் போய்த் திரும்பும். நான் அந்த நாட்களில் சாப்பாட்டுப் பெட்டியை வெளியே தெரியும்படி கண்ணாடிப் பையில் கொண்டுபோனேன்.

"என்ர விசா அலுவல் இன்னும் ஹோம் ஆபிஸில கிடக்குது சேர். ஒருக்காப் பொலிஸில பேர் பதிஞ்சாலும் போதும், விசா கிடையாது."

"நீங்க சிலோன்காரங்க வாயைத் தொறந்தா பேப்பர், விசா, பொலிஸ். நான் இருவது வருஷமா இந்த ஊர்ல இருக்கேன். ஒருத்தன் என் பையைத் தொட்டதில்லை."

"அப்ப நீங்களே கொண்டு வாங்கோவன்."

அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். அப்படி ஒரு பதிலை நான் அதற்குமுன் அவருக்குச் சொன்னதில்லை. "பத்து மணிக்கு அங்க இருக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு போனைக் கையில் எடுத்தார். நான் வெளியே போகலாம் என்று அர்த்தம்.

ஈஸ்ட் ஹாமில் இரண்டு அறை வீட்டில் இருந்தோம். கணவர் பெற்றோல் செட்டில் காலை ஷிப்ட் முடித்து வந்து சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். சொன்னேன். கத்தியைக் கீழே வைத்தார்.

"அந்தாள் என்ன லூசே? சுகமில்லை எண்டு போன் பண்ணிச் சொல்லும்."

"நாளைக்குச் சுகமில்லை எண்டால் நாளையிண்டைக்கும் அதே சன்னம்தானே அங்க கிடக்கும்?"

"அப்ப போம். போய்ப் பாத்திட்டு வாரும். ஆனா ஒண்டையும் கையில எடுத்துக்கொண்டு வராதையும். வேலை போனால் போகட்டும், நான் ரெண்டு ஷிப்ட் செய்யிறன். நீர் உள்ளுக்குப் போனீர் எண்டால் நான் எங்க போய் நிக்கிறது?"

அவருக்குக் கோபம் என்மேல் இல்லை என்று தெரியும்.

மறுநாள் டாகன்ஹாம் கடையின் மணியை அடித்தபோது உள்ளேயிருந்து இரண்டு பூட்டுகள் திறபடும் சத்தம் கேட்டது. கம்பிவலை போட்ட ஜன்னல். எண்ணெய் மணம். உட்காரச் சொல்லவில்லை. அவர் ஒரு பிளாஸ்டிக் வாளியைத் தூக்கி, தகரத் தட்டில் சன்னங்களைக் கொட்டினார். செம்பு நிறத்தில் பளபளவென்று, பென்சில் முனை அளவில், நூற்றுக்கணக்கில்.

அந்தச் சத்தத்தில் நான் தட்டிலிருந்து ஓர் அடி பின்வாங்கினேன். எனக்குப் பதினாலு வயதில், எங்கள் ஒழுங்கைக்கு மேலே வட்டமிட்ட ஹெலிகொப்டரிலிருந்து சுட்டார்கள். பக்கத்து வளவுக் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த அந்த வீட்டு அக்காவின் தோளில் பட்டது. ஆஸ்பத்திரியில் சன்னத்தை எடுத்துவிட்டு, அதைச் சின்ன மருந்துப் போத்தல் ஒன்றில் போட்டு அவருடைய தாயிடம் கொடுத்தார்கள். தாய் அதை என் கையில் தந்துவிட்டு முகம் கழுவப் போனார். அவர் திரும்பி வரும்வரை நான் அதை வைத்துக்கொண்டு நின்றேன். அக்கா பிழைக்கவில்லை.

"ஸ்ரீலங்காவா?" என்று கேட்டார் கடைக்காரர். மனேஜர் சொல்லியிருக்க வேண்டும். "அப்போ இதெல்லாம் உங்களுக்குப் பழக்கமான சாமான்தான்."

"எனக்குத் தராசுதான் பழக்கம்" என்றேன். "ஆகச் சின்னது எது? என்ன நிறை?"

"ஐம்பத்தைந்து கிரெய்ன்." அது துப்பாக்கிக்காரர்கள் இன்னும் விடாமல் வைத்திருக்கும் பழைய ஆங்கில நிறை. கிராமில் என்ன என்று நான் கேட்பேன் என்று காத்திருந்தார். நான் மனதுக்குள் மாற்றினேன்.

"மூன்றரைக் கிராமுக்குக் கொஞ்சம் கூட. ஐந்நூறு போட்டால் இரண்டு கிலோவும் வராது. முப்பது கிலோ தராசு உங்களுக்குத் தேவையேயில்லை. அது ஒரு கிராம் ஒரு கிராமாகத்தான் பார்க்கும். பத்துச் சன்னத்தை மாதிரியாக வைத்தால் அரைக் கிராம் வரை பிழை வரலாம். அந்தப் பிழை ஐந்நூறுக்குப் போகும்போது ஏழு சன்னமாகிவிடும்."

அவர் மகிழ்ச்சியடைந்ததாகத் தெரியவில்லை. அடுத்த வாளியை இழுத்தார். அதில் பித்தளைக் கோதுகள். மைதானத் தரையில் பொறுக்கியவை. வெவ்வேறு கம்பனிகளின் முத்திரை அடியில் தெரிந்தது. நான் இரண்டை எடுத்துக் கையில் ஏந்திப் பார்த்தேன்.

"இவற்றைக் கலந்து எண்ண முடியாது. ஒரு கம்பனியின் கோது மற்றதைவிடத் தடிப்பு. தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் புதிதாக மாதிரி வைக்க வேண்டும்."

"கோது எல்லாம் ஒண்ணுதான். முப்பது வருஷமா இதே வேலை பாக்குறேன். நீங்க எனக்குப் பித்தளை பத்திப் பாடம் எடுக்க வேண்டாம்."

"அப்படியானால் எந்தத் தராசு வாங்கினாலும் திரும்பக் கொண்டுவந்து என் மேசையில் போடுவீர்கள்."

ஆங்கிலத்தில் 'நீ' என்றும் 'நீங்கள்' என்றும் பிரிவில்லாதது அன்று எனக்கு வசதியாக இருந்தது. மனதுக்குள் நான் அவரை 'நீ' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு அவர் பிரைமர் பெட்டியை எடுத்தார். தோட்டாவின் அடியில் பதித்து மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி அது. தட்டினால் வெடிக்கும். அதையும் தராசில் கொட்டி எண்ணலாமா என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்று எண்ணிச் சோதித்தாரோ, உண்மையாகத்தான் கேட்டாரோ தெரியாது. "அது தட்டில் நூறு நூறாக அடுக்கித்தானே வருகிறது? தட்டை எண்ணுங்கள். கொட்டவும் வேண்டாம், எங்கள் இடத்துக்குக் கொண்டுவரவும் வேண்டாம்" என்றேன். அவர் பெட்டியை மூடினார்.

கடைசியில் இரண்டு பழுப்புக் காகிதப் பைகளை என் முன்னால் தள்ளினார். சன்னம் அறுநூறு, கோது இருநூறு. "சாம்பிள். உங்க மனேஜர் நீங்க கொண்டுபோவீங்கன்னு சொன்னார்."

"நான் கொண்டுபோக மாட்டேன்."

"வெறும் ஈயம். கடிக்காது."

"உங்களிடம் வான் இருக்கிறது. நீங்கள் கொண்டுவாருங்கள்."

"நான் வாடிக்கையாளர். ஏற்கனவே ஒருமுறை அங்கே வந்து அலைஞ்சாச்சு. ஒரு சின்னப் பையை ரயில்ல கொண்டுபோக உங்களுக்கு என்ன?"

"உங்கள் பையை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். என்னுடையதைத் திறப்பார்கள். திறந்து, அறுநூறு சன்னத்தைப் பார்த்து, பிறகு என் முகத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் வந்து விளக்கம் சொல்வீர்களா?"

அவர் முகம் கழுத்திலிருந்து மேலே சிவந்துகொண்டு போனது. வெட்கமா கோபமா என்று நான் ஆராயவில்லை. பைகளை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன். எனக்குப் பின்னால் இரண்டு பூட்டுகளும் விழுந்தன. ரயிலில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். விரல்களில் பித்தளை மணம். ஒரு நாய் அருகில் வந்தால் இதற்கே நிற்குமோ என்று பயந்தேன். பார்க்கிங்கில் இறங்கியதும் நிறுவனத்துக்குப் போய் முதல் வேலையாகச் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கை கழுவினேன்.

மத்தியானம் டாகன்ஹாம்காரர் வந்தார். பைகள் அவர் கையில். அவர் ஏற்கனவே போன் செய்து முறையிட்டிருந்தார் போலும், மனேஜர் என் எதிரில் வந்து நின்றார். நான் திரும்பி வந்த முப்பது கிலோ தராசை ஒரு பக்கமும் மூன்று கிலோ தராசை மறுபக்கமும் வைத்தேன்.

பழைய தராசில் பத்துச் சன்னம் மாதிரி வைத்து, திரையில் ஐந்நூறு வரும்வரை கொட்டினேன். பிறகு கையால் எண்ணச் சொன்னேன். அவர் எண்ணினார், மனேஜர் எண்ணினார், நான் எண்ணினேன். பத்துப் பத்தாகக் கும்பல் பிரித்து, மூன்று பேரும் மேசையைச் சுற்றி, ஒருவரை ஒருவர் நம்பாமல். நானூற்றுத் தொண்ணூற்று மூன்று.

பிறகு சிறிய தராசு. அது பத்தில் ஒரு கிராம் வரை பார்க்கும். இதற்கு நூறு சன்னத்தை மாதிரியாக வைத்தேன். மாதிரி எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு பிழை குறையும். ஐந்நூறு என்று காட்டியது, எண்ணினோம், ஐந்நூறு. மறுபடி செய்தோம், ஐந்நூறு. மூன்றாவது தரம் அவர் எனக்குத் தெரியாமல் ஒன்றை எடுத்துக் கோட் பைக்குள் போட்டார். திரை நானூற்றுத் தொண்ணூற்றொன்பது என்றது. கோதுகளைக் கம்பனிவாரியாகப் பிரித்துச் செய்தபோதும் ஒன்றுகூடப் பிசகவில்லை. கலந்து செய்தபோது எண்ணிக்கை ஆடியது. அவர் அதையும் பார்த்தார்.

"அப்போ எதுக்கு எனக்கு அந்தப் பெரிய மெஷினைத் தந்தீங்க?" என்று கேட்டார்.

மனேஜர் என்னைப் பார்த்தார். நேற்றைய அதே பார்வை. எனக்காக அவர் வாய் திறப்பதற்குள் நான் எழுந்துபோய் அலுமாரியிலிருந்து ஓர்டர் கோப்பை எடுத்து வந்தேன். ஓர்டர் தாளை விரித்து வாடிக்கையாளர் முன் வைத்தேன். என் கையெழுத்தில் மூன்று கிலோ. அதன்மேல் பச்சைக் கோடு. பக்கத்தில் பச்சையில் முப்பது.

"இது என் எழுத்து. பச்சை, அவருடையது" என்றேன்.

மனேஜர் தமிழில், "உள்ள போங்க" என்றார். நான் அசையவில்லை.

டாகன்ஹாம்காரர் தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அப்போ உங்களுக்கு முதலிலேயே தெரியும். தெரிஞ்சுக்கிட்டே, தப்பான மெஷினை நான் தூக்கிட்டுப் போறதைப் பாத்துக்கிட்டு நின்னீங்க. அன்னைக்கு எனக்கு டீ வேற போட்டுக் குடுத்தீங்க" என்றார்.

அவர்மேல் எனக்கு அந்த இரண்டு நாளில் வந்த வெறுப்பெல்லாம் அப்படியே இருந்தது. ஆனால் அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது சரி. வேலை போய்விடும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டு நின்றவள் நான்தான். "பாலா, சீனியா?" என்று கேட்டுக் கேட்டுத் தேநீர் போட்டவளும் நான்தான்.

அவர் மூன்று கிலோ தராசின் பின்புறத்தைத் திருப்பி, மாடல் எண்ணைச் சிகரெட் பெட்டியில் எழுதிக்கொண்டார். சன்னங்களை எண்ணிப் பைக்குள் போட்டார். கோட் பைக்குள் இருந்ததையும் எடுத்துச் சேர்த்தார். போய்விட்டார்.

அடுத்த வாரம் போன் வந்தது. நான்தான் எடுத்தேன். அதே மாடலை இன்டர்நெட்டில் மலிவாக வாங்கிவிட்டதாகவும், அது சரியாக எண்ணுவதாகவும், பழைய தராசின் பணத்தைத் திருப்பி அனுப்பும்படியும் சொன்னார். நன்றி என்ற சொல் எந்த இடத்திலும் வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் தரப்பட்டது. வாடிக்கையாளர் முன்னிலையில் நிறுவனத்துக்கு அவப்பெயர் ஏற்படுத்தியதாகவும், கொடுத்த வேலையைச் செய்ய மறுத்ததாகவும் அதில் இருந்தது. மனேஜர் கையெழுத்துப் போடச் சொன்னார். வாசித்தேன், பெற்றுக்கொண்டேன் என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதன்பின் ஐந்து மாதம் அங்கே இருந்தேன். அவர் என்னிடம் ஆங்கிலத்தில் மட்டுமே பேசினார். வேலை தொடர்பானதைத் தாளில் எழுதி மேசையில் வைத்துவிட்டுப் போவார். நானும் எழுதியே பதில் கொடுத்தேன். நாலு அடி தூரத்தில் இருந்துகொண்டு இரண்டு தமிழர் கடிதம் எழுதிக்கொண்டிருந்தோம்.

விசா வந்த வாரம் ராஜினாமா கொடுத்தேன். ஒரு பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது.

இரண்டு வருடம் கழித்து ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் ஒரு மரக்கறிக் கடை வரிசையில் அந்த மனேஜரைக் கண்டேன். மனைவியும் கூட நின்றார். கையில் முருங்கைக்காய்க் கட்டு. தலை நன்றாக நரைத்திருந்தது. தப்பிக்க இடமில்லை, நான் அவருக்கு நேர் பின்னால் நின்றேன்.

"எப்படிம்மா இருக்கீங்க?" என்றார் தமிழில்.

"இருக்கிறன் சேர்."

கொஞ்சம் தயங்கிவிட்டு, "இன்னும் கோவமா இருக்கீங்களா?" என்று சிரித்தார். மனைவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஓம்" என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது. ஒதுங்கி, "நீங்க முதல்ல போங்க" என்று வழி விட்டார். நான் அவரைத் தாண்டிப் போய் என் கத்தரிக்காயையும் கறிவேப்பிலையையும் கடைக்காரர் முன் வைத்தேன்.